புத்தகத்தில் ஓடுகிறது, என் கணினியில் ஓடவில்லை: வாசகர் கேள்வி பதில்

நிரல் எழுதவும் கணினி வேலை பழகவும் புத்தகம் வாங்கியவர்கள், வாங்கலாமா என்று யோசிப்பவர்கள், வாங்கி அலமாரியில் வைத்து மறந்துவிட்டவர்கள் என்று மூன்று தரப்பிலிருந்தும் கடிதங்கள் சேர்ந்துவிட்டன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடையதை மட்டும் எடுத்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று நிறையப் பேர் எழுதியிருப்பதால் யார் பெயரையும் போடவில்லை.

கே: நூலகத்தில் எடுத்த பைத்தான் புத்தகம். முதல் நிரலே ஒரே வரிதான்: பிரிண்ட் என்று எழுதி, பக்கத்தில் மேற்கோள் குறிக்குள் ஒரு வணக்கம். எழுத்துப் பிசகாமல் மூன்று தடவை அடித்துப் பார்த்தேன், மூன்று தடவையும் பிழை. எனக்கு இதெல்லாம் வராது போலிருக்கிறதே?
– முதலாண்டு கல்லூரி மாணவி

ப: உங்களிடம் கோளாறு இல்லை, புத்தகத்துக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான். பைத்தான் என்ற நிரல் மொழியில் 2 என்று ஒரு தலைமுறை, 3 என்று ஒரு தலைமுறை. பைத்தான் 3 வெளிவந்தது 2008 டிசம்பரில். ஆனால் உலகம் உடனே அதற்கு மாறிவிடவில்லை, பத்து வருடத்துக்கு மேல் இரண்டும் அக்கம்பக்கத்தில் குடியிருந்தன, பைத்தான் 2-க்கான ஆதரவை 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடுதான் நிறுத்தினார்கள். இந்த இடைக்காலத்தில் அச்சான புத்தகங்களில் பழைய பைத்தானைச் சொல்லிக்கொடுப்பவை ஏகப்பட்டவை. பழையதில் பிரிண்ட் என்பது வெறும் கட்டளைச் சொல், பக்கத்திலேயே மேற்கோளுக்குள் எழுதிவிட்டுப் போகலாம். புதியதில் அது ஒரு செயற்கூறு (ஃபங்ஷன், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு வேலையைச் செய்து தரும் நிரல் துண்டு), கொடுப்பதை அடைப்புக்குறிக்குள்தான் கொடுக்க வேண்டும். திரையில் வந்த பிழைச் செய்தியின் கடைசி வரியை நிதானமாகப் படித்துப் பாருங்கள், அடைப்புக்குறியைக் காணோம் என்று அதுவே சொல்லியிருக்கும். பைத்தான் எத்தனை வரி திட்டினாலும் விஷயம் பெரும்பாலும் கடைசி வரியில்தான் இருக்கும், மேலிருந்து படித்து மிரள வேண்டாம்.

சரி, அடைப்புக்குறி போட்டுச் சமாளித்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். கத்துகிற பிழையாவது பரவாயில்லை, வாயே திறக்காத வேறுபாடுகள்தான் ஆளைக் கவிழ்க்கும். 7/2 என்று கொடுத்தால் பழைய பைத்தான் 3 என்று சொல்லும், இரண்டும் முழு எண்கள் என்பதால் விடையையும் முழு எண்ணாகவே வெட்டிவிடும். புதியது 3.5 என்று சொல்லும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. பத்தாவது அத்தியாயத்தில் ஒரு சராசரி கணக்குப் போடும்போது புத்தகத்தில் ஒரு விடையும் உங்கள் திரையில் வேறு விடையும் இருக்கும், அப்போதும் நீங்கள் உங்களைத்தான் சந்தேகப்படுவீர்கள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்ததை எடுக்கும்போது அட்டையைப் பார்த்து மயங்காமல், தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் பொடி எழுத்தில் ஒரு பக்கம் இருக்குமே, அதைப் பாருங்கள். அதிலும் பதிப்பு ஆண்டு வேறு, மறு அச்சு ஆண்டு வேறு. போன வருடம் மறுபடி அச்சடித்திருப்பார்கள், உள்ளே இருப்பது பதினைந்து வருடத்துக்கு முன்னால் எழுதியதாக இருக்கும்.

எனக்கும் இப்படி ஒரு சாயங்காலம் முழுக்கப் போயிருக்கிறது. நான் பழகிய புத்தகத்தின் எழுத்துருவில் ஆங்கிலச் சின்ன எல்லும் எண் 1-உம் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. ஒரு மதிப்பை வைத்துக்கொள்ளும் மாறியின் (வேரியபிள்) பெயரில் இருந்த ‘எல்’ எழுத்தை 1 என்று நினைத்து அடித்துவிட்டு, இப்படி ஒரு பெயரே எனக்குத் தெரியாது என்று கணினி சொல்லச் சொல்ல, அந்தப் பெயர் கண் முன்னால் இருக்கிறதே என்று அதனோடு வழக்காடிக்கொண்டிருந்தேன்.

கே: அச்சுப் புத்தகமா, பிடிஎஃப்பா?
– புதிதாகப் பழகுபவர்

ப: படிப்பதற்கு எதுவானாலும் சரி. ஆனால் பிடிஎஃப்பில் இருக்கும் நிரலை நகலெடுத்து ஒட்டாதீர்கள். சோம்பேறித்தனம் கூடாது என்ற உபதேசமில்லை இது, ஒட்டினால் பல நேரம் ஓடவே ஓடாது. பக்கத்தை அழகுபடுத்தும் மென்பொருள் நேர் மேற்கோள் குறியைச் சுருள் மேற்கோளாக மாற்றி வைத்திருக்கும், கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு முற்றிலும் வேறு எழுத்துகள். கழித்தல் குறி நீளமான கோடாக மாறியிருக்கும். பைத்தானாக இருந்தால் வரியின் முன்னால் விடும் இடைவெளிதான் எந்த வரி எதற்குள் அடக்கம் என்று சொல்கிறது, ஒட்டும்போது அந்த இடைவெளி பறந்துவிடும். நீளமான வரி பக்கத்தின் ஓரத்தில் இரண்டாக மடிந்திருந்தால் அதுவும் இரண்டு வரியாகவே வந்து உட்காரும். கையால் அடியுங்கள். விரல் தடுமாறி வரும் பிழைகள்தான் முதல் மாதத்துக்கான பாடம்.

கே: எந்த மொழியில் தொடங்குவது? ஒருவர் சி என்கிறார், ஒருவர் பைத்தான் என்கிறார், ஒருவர் ஜாவாஸ்கிரிப்ட் என்கிறார். மூன்றுக்கும் புத்தகம் வாங்கிவிட்டேன்.
– பள்ளி மாணவர்

ப: இரண்டைக் கட்டி மேலே போடுங்கள். எது மிச்சம் இருக்க வேண்டும் என்றால், உங்களுக்குப் பக்கத்தில் சந்தேகம் கேட்க யாருக்கு எது தெரியுமோ அது. அப்படி யாரும் இல்லையென்றால் பைத்தான், ஏனென்றால் முதல் நாளே ஏதாவது ஒன்று ஓடிவிடும். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பொத்தானும் படமும் வேண்டும் என்றால் ஜாவாஸ்கிரிப்ட், உலாவியைத் தவிர எதையும் நிறுவ வேண்டியதில்லை. கணினிக்குள் நினைவகம் எப்படி இருக்கிறது என்று குடைந்து பார்க்கிற ஆள் நீங்கள் என்றால் சி. முதல் மொழியில் ஆறு மாதம் ஊறியவருக்கு இரண்டாவது மொழி சில வாரங்களில் பிடிபட்டுவிடும், மாறி, நிபந்தனை, மடக்கு (லூப், ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வது), செயற்கூறு என்பதெல்லாம் எல்லா வீட்டிலும் இருக்கிற சாமான்தான், வைக்கிற இடம்தான் வேறு.

கே: படிக்கும்போது எல்லாம் புரிகிறது. புத்தகத்தை மூடிவிட்டு நானாக எழுத உட்கார்ந்தால் ஒரு வரி வரமாட்டேன் என்கிறது. இதுவரை நான்கு புத்தகம் முடித்துவிட்டேன்.
– வேலை தேடும் இளைஞர்

ப: வந்திருக்கும் கடிதங்களில் அதிகம் பேர் கேட்டிருப்பது இதைத்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அடுத்தவர் எழுதிய நிரலைப் படித்துப் புரிந்துகொள்வது ஒரு திறமை, காலியான திரையில் முதல் வரியை எழுதுவது இன்னொரு திறமை. பாட்டைக் கேட்டு இது இன்ன ராகம் என்று சொல்லிவிடுகிறவர் எல்லாரும் பாடிவிட முடியாது இல்லையா. நான்கு புத்தகத்திலும் நீங்கள் முதல் திறமையைத்தான் வளர்த்திருக்கிறீர்கள். ஐந்தாவது வாங்கினால் அது இன்னும் வளரும், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது.

ஏற்கெனவே முடித்த புத்தகத்திலிருந்து ஒரு சின்ன நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். கணினி 1 முதல் 100-க்குள் ஒரு எண்ணை நினைத்துக்கொள்ளும், நாம் ஊகிக்க வேண்டும், அது பெரியது சிறியது என்று சொல்லும், அந்த விளையாட்டு அநேகமாக எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். முதலில் அடியுங்கள். ஓட்டுவதற்கு முன்னால், திரையில் என்னென்ன வரும் என்று காகிதத்தில் வரி வரியாக எழுதுங்கள். அப்புறம் ஓட்டுங்கள். எழுதியதும் வந்ததும் எங்கே வேறுபடுகிறதோ அங்கேதான் உங்களுக்குப் புரியாதது ஒளிந்திருக்கிறது, ‘எல்லாம் புரிகிறது’ என்ற பேச்சு அங்கே நின்றுவிடும். அடுத்து அதை வேண்டுமென்றே கெடுங்கள். ஒரு அடைப்புக்குறியை எடுத்துவிட்டு என்ன திட்டுகிறது என்று பாருங்கள், பெரியது என்ற குறியைச் சிறியது ஆக்கிப் பாருங்கள், எண்ணுக்குப் பதில் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். பிறகு ஒன்று சேருங்கள்: எத்தனை தடவை ஊகித்தோம் என்ற கணக்கு. அது வந்ததும் இன்னொன்று: ஏழு தடவைக்கு மேல் வாய்ப்பு கிடையாது. ஏன் ஏழு? ஒவ்வொரு தடவையும் மிச்சமிருக்கும் எண்களைப் பாதியாக வெட்டிக்கொண்டே போனால் ஏழு தடவையில் 127 எண்கள் வரை தீர்த்துவிடலாம், 100 அதற்குள் அடங்கிவிடுகிறது. இது பிடிபட்டதும் ஆட்டத்தைத் திருப்பிப் போடுங்கள், நீங்கள் நினைத்துக்கொள்ள வேண்டும், கணினி ஊகிக்க வேண்டும். இந்தக் கடைசி வடிவத்துக்குப் புத்தகத்தில் விடை இருக்காது. உட்கார்ந்து முழிப்பீர்கள். முழிக்கிற அந்த அரை மணி நேரத்தைத்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டு அடுத்த புத்தகம் வாங்கிக்கொண்டிருந்தீர்கள்.

மறுநாள் காலையில் புத்தகத்தையும் பழைய கோப்பையும் மூடிவிட்டு அதே விளையாட்டை முதலிலிருந்து எழுதுங்கள். எட்டிப் பார்க்கலாம், ஆனால் பார்த்ததும் மூடிவிட்டுத்தான் அடிக்க வேண்டும், பார்த்துக்கொண்டே அடிப்பது கணக்கில் வராது. முதல் நாள் பத்து தடவை எட்டிப் பார்ப்பீர்கள், அடுத்த நாள் மூன்று தடவை.

ஒன்று மட்டும் எச்சரித்துவிடுகிறேன், 1 முதல் 10 வரை என்று பைத்தானில் ரேஞ்ச் கொடுத்தால் 9-உடன் நின்றுவிடும், கடைசி எண்ணைச் சேர்த்துக்கொள்ளாது. புத்தகங்கள் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடும், பழகுகிறவர்கள் மாதக்கணக்கில் இதில் தடுக்கி விழுவார்கள். கடைசியை விட்டுவிடுவதில் ஒரு வசதியும் இருக்கிறது: 10-இலிருந்து 1-ஐக் கழித்தால் 9, மடக்கு சுற்றுவதும் சரியாக ஒன்பது தடவைதான். இதை ஒருமுறை நீங்களே எண்ணிப் பார்த்துவிட்டால் அப்புறம் மறக்காது.

கே: ‘24 மணி நேரத்தில்’, ‘21 நாளில்’ என்ற புத்தகங்களை நம்பலாமா?
– வாசகர்

ப: மணிக்கணக்குத் தலைப்பு என்றால் பெரும்பாலும் 24 பாடங்கள், பாடத்துக்கு ஒரு மணி நேரம் என்று அர்த்தம். காலையில் தொடங்கி மறுநாள் காலையில் நிரலாளர் ஆகிவிடலாம் என்று அவர்களும் சொல்லவில்லை, நாம்தான் அப்படிப் படித்துக்கொள்கிறோம். அந்த ஒரு மணி நேரத்தில் படிக்கிற நேரம் இருக்கிறது, மென்பொருளை நிறுவப் போராடுகிற நேரம் இல்லை, காணாமல் போன ஒரு காற்புள்ளியைத் தேடுகிற நேரமும் இல்லை. நான்கால் பெருக்கிக்கொண்டால் ஓரளவு சரியாக இருக்கும், இது ஆராய்ச்சி முடிவு அல்ல, என் அனுபவம்.

கே: தமிழில் எழுதிய புத்தகத்தில் கற்கலாமா, ஆங்கிலத்துக்கே போய்விட வேண்டுமா? ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும்.
– இல்லத்தரசி

ப: தமிழில் தொடங்குங்கள், தயக்கமே வேண்டாம். மடக்கு என்றால் என்ன, ஒரு செயற்கூறு எதற்கு என்பதெல்லாம் யோசனைகள். யோசிக்கிற மொழியில் படித்தால்தான் அது உள்ளே இறங்கும். நிரலில் வருகிற ஆங்கிலச் சொற்கள் மிஞ்சிப் போனால் முப்பது நாற்பது, அவற்றை ஆங்கிலமாகக்கூடப் பார்க்க வேண்டாம், குறிகளாக நினைத்துக்கொண்டால் போதும். பிழைச் செய்திகள்தான் ஆங்கிலத்தில் வரும், அவையும் ஒரே பத்துப் பன்னிரண்டு வாக்கியங்கள்தான் மாறி மாறி வந்துகொண்டிருக்கும். ஒரு நோட்டில் செய்தியை அப்படியே எழுதி, பக்கத்தில் அது எதனால் வந்தது என்று தமிழில் குறித்து வையுங்கள். மூன்று மாதத்தில் அந்த நோட்டு எந்தப் புத்தகத்தையும்விட உங்களுக்கு உபயோகமாக இருக்கும்.

தமிழ்ப் புத்தகத்தை எடுக்கும்போது ஒன்றைப் பாருங்கள். வேரியபிளை மாறி என்கிறாரா, அர்ரேயை அணி என்கிறாரா, எதுவானாலும் சரி, ஆனால் முதல் தடவை வரும்போது இரண்டு சொல்லையும் கொடுத்துவிட்டு, அப்புறம் கடைசி வரை ஒன்றையே பிடித்துக்கொண்டு போகிறாரா? மூன்றாம் அத்தியாயத்தில் செயற்கூறு, ஐந்தில் செயல்பாடு, எட்டில் ஃபங்ஷன் என்று மாற்றிக்கொண்டே போகும் புத்தகம் ஆளைக் குழப்பி விடும். தனித்தமிழா கலப்பா என்பது எனக்குப் பெரிய சண்டை இல்லை, இப்படி அலைவதைத்தான் தாங்க முடியாது.

பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. எண் = 7 என்று எழுதினால் அப்படியே ஓடும். பழகும்போது இது நல்ல உதவி, எது மொழியின் சொல், எது நாம் வைத்த பெயர் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். கூடவே ஒரு சோதனை செய்து பாருங்கள், எழுத்துகளின் நீளம் சொல்லும் லென் என்ற செயற்கூறுக்குள் ‘தமிழ்’ என்ற சொல்லைக் கொடுங்கள். 3 என்று எதிர்பார்ப்பீர்கள், 5 வரும். த ஒன்று, ம ஒன்று, அதன் மேல் ஏறிய இகரக் குறி தனியாக ஒன்று, ழ ஒன்று, அதன் தலையில் வைத்த புள்ளி ஒன்று. யூனிகோட் குறியீட்டு முறை தமிழை இப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட புத்தகம் இதை உங்களுக்குச் சொல்லப்போவதில்லை, ஒரு தமிழ்ச் சொல்லைத் திருப்பிப் போடச் சொன்னால் ஏன் இகரக் குறியும் புள்ளியும் கண்ட இடத்தில் போய் ஒட்டுகின்றன என்று பிறகு நீங்களாகவே கண்டுபிடிப்பீர்கள்.

கே: ஓய்வு பெற்றபின் எக்செல் கற்கலாம் என்று மகன் வைத்திருந்த பழைய புத்தகத்தை எடுத்தேன். இன்ன மெனுவுக்குப் போ, அதில் இன்னதை அமுக்கு என்கிறது. என் திரையில் அந்த மெனுவே இல்லை. எதையாவது அமுக்கிக் கெடுத்துவிடுவேனோ என்று பயமாகவும் இருக்கிறது.
– 62 வயது வாசகர்

ப: ஐயா, உங்கள் புத்தகம் 2007-க்கு முந்தையதாக இருக்க வேண்டும். அந்த ஆண்டு வந்த பதிப்பில்தான் மைக்ரோசாஃப்ட் பழைய மெனுக்களை எடுத்துவிட்டு, மேலே பட்டையாகப் பொத்தான்களை அடுக்கும் ரிப்பன் முறையைக் கொண்டுவந்தது. அன்றைக்கு வருடக்கணக்கில் பழகியவர்களே எது எங்கே போனது என்று திண்டாடினார்கள். ஒரு தாளில் 65,536 ஆக இருந்த வரிசைகளும் அதே பதிப்பில் 10,48,576 ஆயின. ஆகவே மெனு வழிகளைச் சொல்லும் பக்கங்களை விட்டுவிடுங்கள், சூத்திரங்களைச் சொல்லும் பக்கங்களை வைத்துக்கொள்ளுங்கள். சம், ஆவரேஜ், இஃப் எல்லாம் அன்று எப்படியோ இன்றும் அப்படியே. இடத்தை மனப்பாடம் செய்யாமல் வேலையின் பெயரைத் தெரிந்துவைத்துக்கொள்வதுதான் நல்லது, பெயர் தெரிந்தால் தேடு பெட்டியில் எழுதிக் கண்டுபிடித்துவிடலாம், இடம் அடுத்த பதிப்பில் மறுபடி மாறும்.

கெடுத்துவிடுவோம் என்ற பயத்துக்கு கண்ட்ரோலும் இசட்டும் சேர்ந்த மருந்து இருக்கிறது, கடைசியாகச் செய்ததை அது திருப்பிவிடும். அதற்கு மேலும் பயம் என்றால் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து அதில் விளையாடுங்கள்.

உங்களைப் பயமுறுத்தக்கூடிய இரண்டு இடங்களை இப்போதே சொல்லிவைக்கிறேன். தேதி போட்ட கட்டத்தில் திடீரென்று 45000 என்று ஓர் எண் நிற்கும். கெட்டுப்போகவில்லை, எக்செல் தேதிகளை 1900-ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து நாள் எண்ணிக்கையாகத்தான் வைத்திருக்கிறது, 45000 என்றால் 2023 மார்ச் 15. கட்டத்தின் வடிவத்தைத் தேதி என்று மாற்றினால் தேதியாகக் காட்டும். இன்னொன்று வீலுக்கப். ஒரு பட்டியலில் பெயரைத் தேடி அதற்கு நேரே இருப்பதை எடுத்துத் தரும். நான்காவதாக ஒரு விவரம் கேட்கும், பலர் அதை விட்டுவிடுவார்கள், விட்டால் ஏறத்தாழப் பொருந்துவது போதும் என்று அது எடுத்துக்கொண்டு, வரிசைப்படுத்தாத பட்டியலில் தப்பான ஆளின் விவரத்தைக்கூடக் கொடுத்துவிடும், பிழை என்றும் சொல்லாது. சரியாகப் பொருந்துவதுதான் வேண்டும் என்றால் நான்காவது இடத்தில் ஃபால்ஸ் என்று போட வேண்டும். புத்தகத்தில் அந்த ஒரு சொல்லை அடிக்கோடிட்டு வையுங்கள்.

கே: நிரல் எழுதக் கணக்கு நன்றாகத் தெரிய வேண்டுமா?
– வாசகி

ப: தொடங்குவதற்குத் தேவையில்லை. நாலு வகைக் கணக்கும் மீதி கண்டுபிடிப்பதும் போதும். வரைகலை, இயந்திரக் கற்றல் பக்கம் போகிறபோது கேட்கும், அப்போது படித்துக்கொள்ளலாம். ஆனால் கணினிக்கும் கணக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள், பைத்தானில் 0.1 + 0.2 போட்டுப் பாருங்கள், 0.30000000000000004 என்று சொல்லும். பத்தில் ஒரு பங்கை 0, 1 மட்டும் வைத்து முழுதாக எழுத முடியாததால் வருகிற வினை.

கே: வீட்டில் ஒரு பெட்டி நிறையப் பழைய கணினிப் புத்தகங்கள். எதை வைத்துக்கொள்ளலாம், எதைத் தூக்கிப் போடலாம்?
– மென்பொருள் துறையில் புதிதாகச் சேர்ந்தவர்

ப: படம் அதிகமாக இருக்கிற புத்தகம் முதலில் கெடும். இதை அமுக்கு, அதை அமுக்கு என்று திரையின் படம் போட்டு விளக்குபவை, இணையச் சட்டகங்கள் (ஃபிரேம்வொர்க்), கைப்பேசிச் செயலிகள் பற்றியவை எல்லாம் சில வருடங்களிலேயே பழசாகிவிடும். ஜாவாஸ்கிரிப்ட் புத்தகம் என்றால் 2015-க்குப் பிந்தையதா என்று பாருங்கள், அந்த ஆண்டின் தரநிலைதான் மாறிகளை அறிவிக்கும் லெட், கான்ஸ்ட், அம்புக்குறிச் செயற்கூறு எல்லாவற்றையும் கொண்டுவந்தது. அதற்கு முந்தையது இன்றும் ஓடும், ஆனால் இன்றைக்கு யாரும் அப்படி எழுதுவதில்லை. சி++ புத்தகம் என்றால் முதல் நிரலைப் பாருங்கள், ஐயோஸ்ட்ரீம் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளியும் ‘எச்’ என்ற எழுத்தும் இருந்தால் அது 1998-இல் தரநிலை வருவதற்கு முந்தைய பழக்கம், கையோடு போடுங்கள். நீலத் திரை டர்போ சி என்ற பழைய மென்பொருளை வைத்து எழுதியவையும் அப்படித்தான், அதில் ஒரு முழு எண்ணின் உச்சமே 32,767, அதற்கு மேல் ஒன்றைக் கூட்டினால் -32,768 என்று தலைகீழாக விழும். புத்தகம் அதைச் சி மொழியின் இயல்பு போலவே சொல்லிக்கொடுத்திருக்கும்.

தரவுத்தளங்களிடம் கேட்கும் எஸ்க்யூஎல் பற்றியது, தேடல், வரிசைப்படுத்தல் போன்ற அல்காரிதம்கள், யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் கட்டளைகள், இவை பெட்டியில் இருந்தால் கறையான் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய சி புத்தகம் 1978-இல் வந்தது, திரையில் ‘ஹலோ, வேர்ல்ட்’ என்று எழுதச் சொல்லும் முதல் பயிற்சியை உலகம் முழுக்கப் பரப்பியது அதுதான். அதன் இரண்டாம் பதிப்பு 1988. கிடைத்தால் அந்த இரண்டாம் பதிப்பைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், தொடக்கநிலைப் புத்தகம் அல்ல அது, ஆனால் ஒரு பக்கத்தில் சொல்ல வேண்டியதை ஒரு பக்கத்தில் சொல்வது எப்படி என்று பார்க்கவாவது வேண்டும்.

கே: கேட்டால் ஏஐ நிரலை முழுதாக எழுதித் தருகிறது. இனிப் புத்தகம் எதற்கு?
– கல்லூரி மாணவர்

ப: கேட்டால் தரும். என்ன கேட்பது என்று தெரிவதற்குத்தான் புத்தகம். நல்ல புத்தகத்தில் எது முதலில் வர வேண்டும், எதை இப்போதைக்குச் சொல்லாமல் விட வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார், அந்த வரிசைக்காகத்தான் நான் அதை எடுக்கிறேன். அரட்டையில் கேட்டால் மூன்றாம் நாளே நான்கு மாதம் கழித்துத் தெரிய வேண்டியதெல்லாம் வந்து கொட்டும். நிரல் நூலகம் (லைப்ரரி, பிறர் எழுதி வைத்த செயற்கூறுகளின் தொகுப்பு) ஒன்றில் இல்லவே இல்லாத செயற்கூறை இருப்பதாகச் சொல்லி எழுதித் தருவதும் உண்டு, அடிப்படை தெரிந்தவர் உடனே பிடித்துவிடுவார், புதியவர் முதல் கடிதம் எழுதிய மாணவி மாதிரி தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

நான் சொல்வது இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்று. புத்தகத்தின் ஒரு பத்தி புரியவில்லையா, வேறு உதாரணத்தோடு விளக்கச் சொல்லுங்கள். பிழை வந்ததா, நிரலைத் திருத்தித் தராதே, எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல் என்று கேளுங்கள். விடையை வாங்கி ஒட்டினால் அன்றைய வேலை முடியும், பரீட்சைக் கூடத்திலோ நேர்முகத் தேர்விலோ அது பக்கத்தில் இருக்காது.

கே: என்னிடம் ஆறு புத்தகம் இருக்கிறது. எல்லாவற்றிலும் நான்காவது ஐந்தாவது அத்தியாயத்தோடு நின்றுவிட்டது. ஏழாவதாக எதை வாங்கலாம்?
– அலுவலக ஊழியர்

ப: எதையும் வாங்க வேண்டாம். பெரும்பாலான புத்தகங்களில் மாறி, நிபந்தனை, மடக்கு என்று சுகமாகப் போய்க்கொண்டிருந்துவிட்டு அந்த இடத்தில்தான் செயற்கூறுகள் வரும். அதுவரை நிரல் மேலிருந்து கீழே ஓடியது, இப்போது திடீரென்று மேலே போகிறது, ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டு திரும்பி வருகிறது. மதிப்பைத் திருப்பித் தருவதற்கும் திரையில் எழுதுவதற்கும் என்ன வித்தியாசம் என்று அங்கேதான் எல்லாருக்கும் தலை சுற்றும். நீங்கள் ஆறு தடவையும் அதே இடத்தில் சுற்றிக்கொண்டு, புத்தகம் சரியில்லை என்று மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு வகையில் அதிர்ஷ்டம்தான், ஒரே விஷயத்துக்கு ஆறு பேர் எழுதிய விளக்கம் உங்களிடம் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை ஆறிலும் செயற்கூறு அத்தியாயத்தை மட்டும் திறந்து மேசையில் பரப்பி வைத்து வரிசையாகப் படியுங்கள். பிறகு இரண்டு எண்ணைக் கொடுத்தால் பெரியதைத் திருப்பித் தரும் ஒரு செயற்கூறை எழுதுங்கள், உள்ளே பிரிண்ட் போடக் கூடாது. அது ஓடியதும் அதே செயற்கூறை இரண்டு தடவை கூப்பிட்டு மூன்று எண்களில் பெரியதைக் கண்டுபிடியுங்கள். வந்தால் எழுதுங்கள். வராவிட்டால் நீங்கள் அடித்ததை அப்படியே அனுப்புங்கள், அடுத்த இதழில் பார்க்கலாம்.